கிராமப் புனரமைப்பு (இந்தியா)

ஒரு சிற்றூரையோ அருகருகே உள்ள சில ஊர்களையோ எடுத்துக்கொண்டு, அங்குள்ளவர்களின் உழைப்பையும் சேமிப்பையும் முதலாக வைத்து வேளாண்மை, சுகாதாரம், கல்வி, கைத்தொழில் ஆகியவற்றை ஒருசேர மேம்படுத்தும் முயற்சி கிராமப் புனரமைப்பு எனப்படும். இந்தியாவில் இது 1920களில் தனி அமைப்புகளின் கையில் உருப்பெற்றது. 1952இல் நாடு தழுவிய அரசுத் திட்டமாயிற்று. 1990களில் மகளிர் சுய உதவிக் குழுக்களாக மீண்டும் சிறிய வடிவத்துக்குத் திரும்பியது.

வங்காளத்தில் தாகூரின் அழைப்பை ஏற்று வந்த லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் 1922இல் சாந்திநிகேதனுக்கு அருகே சுருல் என்னும் ஊரில் பணியைத் தொடங்கினார். ஸ்ரீநிகேதன் எனப் பெயர்பெற்ற அந்த நிலையம் மலேரியா ஒழிப்பையும் கூட்டுறவையும் கைத்தொழிலையும் ஒன்றாகப் பார்த்தது. அதே காலத்தில் பஞ்சாபின் குர்கான் மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த பிரேன், எருக்குழி வெட்டவும் வீட்டுச் சுவரில் சன்னல் வைக்கவும் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். 1928இல் அவர் மாவட்டத்தை விட்டுப் போனதும் பெரும்பாலான வேலைகள் நின்றுபோயின. அதிகாரியின் வற்புறுத்தலுக்காகச் செய்ததை, அவர் போன பின்பும் செய்ய மக்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான வழியில் நடந்தது மார்த்தாண்டம். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த இவ்வூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. சேலத்தில் பிறந்த கே. டி. பால், ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்தவ இளைஞர் அமைப்பை நகரத்து இளைஞர்களோடு நின்றுவிடாமல் கிராமங்கள் பக்கம் திருப்பியவர். அந்தப் பணிக்கு வந்த அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் மார்த்தாண்டத்தில் நிலையம் அமைத்தார். ஊரார் தாமே செய்துகொள்ள வேண்டும், அறிந்தவர் அருகிலேயே இருந்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. நிலையம் பொருளை இலவசமாக வாரி வழங்கவில்லை. ஏழைக் குடும்பம் தன்னிடம் ஏற்கெனவே இருப்பதை வைத்தே கூடுதலாக ஈட்டும் வழியைத் தேடியது.

முட்டை வியாபாரம் அப்படித் தேடிக் கண்ட வழிகளுள் ஒன்று. சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் கரு இருக்கும். வெயில் காலத்தில் அது விரைவில் கெடும். கெட்டது எது, நல்லது எது என்று தெரியாததால் வியாபாரி எல்லாவற்றுக்கும் அடிமாட்டு விலைதான் கொடுப்பார். சேவலைப் பிரித்து வைத்தால் கருவில்லாத முட்டை கிடைக்கும், அது பல நாள் தாங்கும் என்று நிலையம் செய்து காட்டியது. நல்ல இனக் கோழிகளும் அறிமுகமாயின. கூட்டுறவு மூலம் தரம் பிரித்து வெளியூருக்கு அனுப்பியபோது, நிலமே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் கையில் காசு வந்தது. தேனிலும் இதுவே நடந்தது. மரப்பொந்தைப் புகைபோட்டு உடைத்து, அடையோடு பிழிந்தெடுத்த வழக்கம் மாறி, மரப்பெட்டியில் தேனீ வளர்த்து, அடை சிதையாமல் எடுப்பது பரவியது. இரப்பர்த் தோட்டங்களில் இன்றும் தேன்பெட்டிகளைக் காணலாம். மார்த்தாண்டம் தேன் இப்போது புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

காந்தி 1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் இந்தப் போக்குக்கு நாடளாவிய வலுவைக் கொடுத்தது. அதன் செயலாளர், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம் ஆகியவற்றைப் பொருளாதாரக் கணக்கோடு ஆதரித்து எழுதியவர் அவர். சென்னை மாகாணத்தில் பிரகாசம் அமைச்சரவை 1946இல் பிர்க்கா (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வளர்ச்சித் திட்டத்தை 34 பிர்க்காக்களில் தொடங்கியது. மறு ஆண்டு திண்டுக்கல் அருகே டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். மருத்துவமும் ஆதாரக் கல்வியும் சுற்று வட்டாரத்து ஊர்களுக்கு அங்கிருந்து சென்றன.

விடுதலைக்குப் பின் திருப்புமுனையானது உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா. ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் போர்க்காலத்தில் இந்தியா வந்து நேருவோடு பழகியவர். 1948இல் மகேவாவைச் சுற்றியுள்ள 64 ஊர்களில் அவரது மாதிரித் திட்டம் தொடங்கியது. அதுவரை வேளாண்மைத் துறை, சுகாதாரத் துறை, கூட்டுறவுத் துறை எனத் தனித்தனி ஆட்கள் ஊருக்குள் வந்து போவார்கள். மேயர் இவற்றை ஒரே ஊழியரிடம் சேர்த்தார். கிராம சேவக் எனப் பின்னாளில் அழைக்கப்பட்ட அவர் ஒரு சில ஊர்களுக்குப் பொறுப்பேற்று அங்கேயே தங்குவார். சணப்புப் பசுந்தாள் உரத்தையும் பஞ்சாப் 591 கோதுமை விதையையும் சிலர் வயலில் முதலில் போட்டுக் காட்டுவார். பக்கத்து வயல்காரர் விளைச்சலைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த பருவத்தில் பரவல் வரும். அதற்கு ஆன பொறுமைதான் எட்டாவாவின் பலம்.

இந்த வெற்றி டெல்லியை அவசரப்படுத்தியது. 1952 அக்டோபர் 2 அன்று, அமெரிக்க உதவியோடு 55 சமூக வளர்ச்சித் திட்டங்கள் ஒரே நாளில் தொடங்கின. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 ஊர்கள். சுமார் 2 லட்சம் பேர். அடுத்த ஆண்டே தேசிய விரிவாக்கப் பணி வந்தது. வட்டாரம், வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற அமைப்பு நாடெங்கும் பரவியது. சாலை, கிணறு, பள்ளிக்கூடம் நிறையக் கட்டப்பட்டன. அவற்றின் பயன் உண்மையானது. ஆனால் கிராம சேவக் கேட்டறியும் ஆளாக இருந்த நிலை போய், மேலிருந்து வரும் இலக்கை நிறைவேற்றும் ஆளானார். விதையும் உரமும் கடனும் நிலம் உள்ளவருக்கே எளிதில் கிடைத்தன. கூலித் தொழிலாளருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் சேர்ந்தது சொற்பம். சிறிய அளவில் ஒருவரையொருவர் அறிந்து நடந்த வேலையை, அந்த அறிமுகம் இல்லாமல் பெருக்கியதே கோளாறு. 1957இல் இத்திட்டங்களை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்களின் முன்முயற்சி எழவில்லை என்று கண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளிடம் பொறுப்பை ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. சென்னை மாநிலத்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின.

மீண்டும் சிறிய அளவுக்கு வர முப்பது ஆண்டுகளாயின. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 12 முதல் 20 பெண்கள் ஒரு குழு. வாரத்தில் ஒரு நாள் வட்டமாக உட்கார்ந்து சந்தாவைக் கட்டுவார்கள். குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அதை எல்லார் முன்னிலையிலும் எண்ணிப் பாஸ்புத்தகத்தில் பதிவார். மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், ஆடு வாங்குவது என யாருக்கு முதலில் கடன் என்பதைப் பேசி முடித்துத் தீர்மான நோட்டில் எழுதிக் கையொப்பமிடுவார்கள். பல குழுக்களில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. அதுவும் குழுவின் பொதுப்பணத்தில் சேரும். கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டியிருந்த பெண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிது. தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. 1997-98 முதல் தருமபுரி முயற்சி மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

குழுக்கள் பெருகியபோது பழைய சிக்கலும் உடன் வந்தது. மானியத்துக்காகவும் கடனுக்காகவும் அவசரமாகச் சேர்க்கப்பட்ட பல குழுக்கள், பணம் கைக்கு வந்ததும் கலைந்தன. இதனால் கடன் தருமுன் கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, உள்கடன் திரும்புகிறதா, கணக்கு சரியா என்று பார்க்கும் தர மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி அளவில் குழுக்களை ஒன்றிணைக்கும் கூட்டமைப்புகளும் அமைந்தன. 2011இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமும் இந்தக் குழுக்களையே அடித்தளமாகக் கொண்டுள்ளது.