பிறவாத பிள்ளைகளின் வரலாறு

வரலாற்றை நாம் போர்களையும் ஒப்பந்தங்களையும் கொண்டே வாசித்துப் பழகிவிட்டோம். பிறவாமற்போன பிள்ளைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பெர்லின் சுவர் திறந்த 1989ஆம் ஆண்டில் கிழக்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 1,99,000 குழந்தைகள் பிறந்தன. 1994இல் அதே நிலப்பரப்பில் பிறந்தவை சுமார் 79,000. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.77 குழந்தை. போரும் பஞ்சமும் இல்லாத காலத்தில் இத்தகைய வீழ்ச்சி மிக அரிது.

பழைய ஆட்சியில் சுதந்திரம் இல்லை; ஆனால் வேலை இருந்தது, குழந்தைகள் காப்பகமும் இருந்தது. 1990இல் நாடுகள் இணைந்தன. ட்ராய்ஹாண்ட் என்ற அரசு அமைப்பு ஆயிரக்கணக்கான நிறுவனங்களை விற்றது, அல்லது மூடியது. வேலையிழந்தோரில் பெண்களே மிகுதி. இளையோர் பலர் மேற்கே குடிபெயர்ந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் சராசரியே சரிந்தது என்றால், தங்கியவர்களும் தயங்கினார்கள் என்றுதானே பொருள்?

2000களின் இறுதியில் அந்த விகிதம் மேற்கின் அளவை எட்டியது. அவர்கள் குழந்தையை வெறுக்கவில்லை, காத்திருந்தார்கள். காத்திருந்ததிலேயே சிலருக்குக் காலம் கடந்தது.

பிள்ளை பெறத் தயங்குவோரைத் தன்னலக்காரர் என்று நாம் எளிதில் பழித்துவிடுகிறோம். அடுத்த மாதச் சம்பளத்தையே நம்ப இயலாதவர், இருபதாண்டுப் பொறுப்பை எந்தத் துணிவில் ஏற்பார்?