பல்லவிக்குத் திரும்பும் சபை: தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் ஆராதனை இசை

தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ் ஆராதனையில் இன்று மேனாட்டு மெட்டில் அமைந்த பாமாலையும் ராக தாளத்தில் அமைந்த கீர்த்தனையும் அடுத்தடுத்துப் பாடப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே பீடத்தின் முன் வந்துசேர ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. எந்த இசை புனிதமானது என்ற விவாதமாகவே இந்த வரலாறு பெரும்பாலும் பேசப்படுகிறது. யார் பாட முடிந்தது என்று கேட்டால் அதன் போக்கு இன்னும் தெளிவாகும்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மானிய மெட்டுகளில் தமிழ்ச் சொற்களை அமைத்தனர். சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியுசின் ஞானப்பாட்டுகள் அந்த முயற்சியின் உச்சம். அவற்றின் பக்திச் செறிவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இன்றும் அவை பாடப்படுகின்றன. ஆனாலும் ஓர் இடர் இருந்தது. ஜெர்மானிய மெட்டு அசையின் அழுத்தத்தை நம்பி நடக்கிறது. தமிழ்ப் பாட்டோ குறில் நெடில் வேறுபாட்டிலும் எதுகை மோனையிலும் நிற்கிறது. குறிலை இழுத்தால் ‘பல்’ ‘பால்’ ஆகிவிடும் மொழி இது. மேலும், அடிக்கு அடி புதிதாக ஓடும் நெடும் பாட்டுக்குக் கையில் புத்தகம் வேண்டும். வாசிக்கவும் தெரிய வேண்டும்.

இங்குதான் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) இடம் தெரிகிறது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, தஞ்சையில் மிஷனரி சுவார்ச்சு ஐயரிடம் வளர்ந்து, பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியுடன் பயின்றவர் அவர். குற்றாலக் குறவஞ்சி பிறந்த அதே சீமையின் மகன் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அதில் தலைவி சீயோன் மகள். குறவஞ்சியோடு கீர்த்தனை வடிவத்தையும் அவர் கையாண்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அந்த அமைப்பில், சரணத்தை ஒருவர் பாட, எழுத்தறியாதவரும் பல்லவியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். கீர்த்தனை வேரூன்றியதற்கு ராகத்தின் இனிமையைவிட இந்த ஏற்பாடே முதன்மைக் காரணம் என்பது என் முடிவு.

1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்தனர். ஆராதனையில் தமிழிசையையும் தடுத்தனர். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். தமிழிசைக்காக அவர் எழுப்பிய குரலை நன்றியோடு நினைக்கும் நாம், அதே மூச்சில் அவர் சாதியாசாரத்துக்கும் வாதாடினார் என்பதை மறைக்கலாகாது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் விட்டதன் விளைவு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் தெரிந்தது.

தடையைத் தளர்த்தியவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப். முதுமையில் இருந்த சாஸ்திரியாரைத் தேடிச் சென்று பாடல்களைப் பெற்று, 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். மெல்ல மெல்ல மற்றச் சபைகளும் கீர்த்தனையை ஏற்றன. இன்றும் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சாகின்றன.

ஆனால் அந்தத் தலைப்பே பலருக்கு அந்நியமாக இருந்தது. சபைகளில் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கேட்டு வளர்ந்தவை தெம்மாங்கும் ஒப்பாரியும் பறையும். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், இதை வெளிப்படையாகப் பேசினார். கீர்த்தனையின் மொழியும் இசையும் மேல்சாதி ரசனையைச் சுமப்பவை என்றார். கிராமிய மெட்டில், பேச்சுத் தமிழில் முழு ஆராதனை முறையையே அமைத்தார். தீட்டென்று ஒதுக்கப்பட்ட பறை, வழிபாட்டுக் கருவியாயிற்று. 2005இல் மறைந்த அவர், தம் பாட்டை எழுதியபடியே காக்க விரும்பியவர் அல்லர்; பாடுகிற மக்கள் வரிகளைத் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்வதையே அவர் எதிர்பார்த்தார்.