தண்ணீரை உடைத்த ரேடியம்

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவியாகும். உறைய வைத்தால் பனிக்கட்டியாகும். இரண்டிலும் அதன் மூலக்கூறு அப்படியேதான் இருக்கும். மூலக்கூறையே உடைக்க மின்சாரம் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் மின்சாரமே இல்லாமல் தண்ணீரை உடைக்கும் ஒரு பொருள் 1901-ல் பாரிஸில் தெரிய வந்தது. அதுதான் ரேடியம்!

ரேடியம் உப்பைக் கரைத்து வைத்த தண்ணீரிலிருந்து ஓயாமல் வாயு வெளிவருவதை பியரி கியூரியும் ஆந்த்ரே டெபியெர்னும் கவனித்தார்கள். அந்த வாயுவில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பது பின்னர் தெரிந்தது. காரணம், ரேடியத்திலிருந்து பாயும் ஆல்ஃபா துகள்கள். எலக்ட்ரான்களை இழந்த ஹீலியம் அணுதான் ஆல்ஃபா துகள், அதாவது ஓர் அயனி. அதன் வேகம் நொடிக்கு சுமார் 15,000 கிலோமீட்டர்! ஆனாலும் தண்ணீருக்குள் ஒரு தலைமுடியின் தடிமன் தூரம்கூடப் போகாமல் நின்றுவிடும். முழு ஆற்றலையும் அந்தச் சின்ன இடத்திலேயே கொட்டிவிடும்.

அடி வாங்கிய நீர் மூலக்கூறு ஹைட்ரஜன் அணுவாகவும் ஹைட்ராக்சிலாகவும் உடைகிறது என்று 1914-லேயே டெபியெர்ன் சொன்னார். அந்தக் கருத்து நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது.

இடையில் ஒரு புதிர் வந்தது. சுத்தமான தண்ணீரில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அது உடைவதாகவே தெரியவில்லை என்று 1933-ல் ஹியூகோ ஃபிரிக்கே அமெரிக்காவில் காட்டினார். அப்படியானால் எக்ஸ் கதிர் தண்ணீரை ஒன்றும் செய்வதில்லையா?

இரண்டாம் உலகப் போரின்போது அணு உலையைத் தண்ணீரால் குளிர்விக்க வேண்டியிருந்ததால் இந்தக் கேள்வி அவசரமானது. சிகாகோவில் மில்டன் பர்ட்டன், அகஸ்டின் ஆலன் போன்றவர்கள் இதை ஆராய்ந்தார்கள். 1944-ல் இங்கிலாந்தில் ஜோசப் வைஸும் டெபியெர்ன் சொன்ன அதே துண்டுகளைக் கொண்டு விளக்கம் தந்தார்.

விடை இதுதான். எக்ஸ் கதிரும் தண்ணீரை உடைக்கிறது. ஆனால் துண்டுகள் தள்ளித் தள்ளி உருவாவதால் தண்ணீருக்குள் பரவி, உண்டான கொஞ்ச ஹைட்ரஜனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் திரும்பத் தண்ணீராக்கிவிடுகின்றன. ஆல்ஃபா துகளின் பாதையில் துண்டுகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. அதனால் ஒன்றோடொன்று சேர்ந்து ஹைட்ரஜனாகவும் பெராக்சைடாகவும் நிலைத்துவிடுகின்றன. மாலையில் கல்லாவில் இருப்பு மாறவில்லை என்பதற்காகக் கடையில் வியாபாரமே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் இதுவும்!

மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். செல்லுக்குள் அந்தத் துண்டுகள் மறுபடி தண்ணீராகும் முன்பே பக்கத்திலுள்ள டிஎன்ஏவைத் தாக்கலாம். எக்ஸ் கதிரின் பாதிப்பில் பெரும்பங்கு ஹைட்ராக்சிலால்தான் வருகிறது. வேக அயனியோ டிஎன்ஏவின் மீதே நெருக்கமாக அடிக்கிறது. அதைச் செல் சரிசெய்வது மிகக் கடினம்.

அந்த ஆபத்தே மருந்தாகவும் ஆனது. வேகமான புரோட்டான்களால் புற்றுநோயைத் தாக்கலாம் என்று 1946-ல் ராபர்ட் வில்சன் எழுதினார். 1994-ல் ஜப்பானின் சிபா நகரில் கார்பன் அயனிகளைக் கொண்டு சிகிச்சை தொடங்கியது. பாரிஸில் குமிழியாக வெளிவந்த வாயுவில் தொடங்கிய கேள்வி, நோயாளியின் படுக்கை வரை வந்து சேர்ந்துவிட்டது.