போதிகை சொல்லும் காலம்



புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் எங்கள் மூலக்குளத்தைக் கடந்து மேற்கே சென்றால் வில்லியனூர் வரும். அதற்கும் அப்பால் திருவாண்டார்கோயிலும் மதகடிப்பட்டும் உள்ளன. தெற்கே சென்றால் பாகூரை அடையலாம். இந்த நான்கு ஊர்களிலும் சோழர் காலத் தொடர்புடைய பழமையான சிவன்கோயில்கள் இருக்கின்றன.

ஆசிரியப் பணியை ஏற்ற தொடக்க ஆண்டுகளில், இந்த நான்கு கோயில்களையும் ஒரே நாளில் மாணவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று பேராவல் கொண்டேன். பயிற்சிக் கல்லூரியில் கற்ற முறைப்படி பாடத்திட்டம் வகுத்தேன். அரசர் பெயர், ஆட்சியாண்டு, தலபுராணம், கல்வெட்டுச் செய்தி, சிற்பங்களின் பெயர் என எதையும் விட்டுவிடாமல் குறிப்பேட்டில் எழுதச் செய்தேன். திங்கட்கிழமை வகுப்பில், “கண்டவற்றைக் கூறுங்கள்” என்றேன். ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, நான்கு கோயிலும் ஒரே மாதிரிதான் இருந்தன” என்றான். வகுப்பே நகைத்தது. நான் அவனைக் கடிந்துகொண்டேன்.

குற்றம் அவனுடையதன்று, என்னுடையது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். உணர்த்தியவர், நம் புதுச்சேரியில் வாழ்ந்து ஆராய்ந்த ஜூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவரைப் பற்றியும், அவர் கையாண்ட நெறியைப் பற்றியும் இன்று உங்களுடன் சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

துப்ரேய் 1885-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1909-இல் புதுச்சேரிக்கு வந்து, இங்கிருந்த பிரெஞ்சுக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். அவர் ஆராய்ச்சியில் இறங்கிய காலத்தில், தென்னாட்டுக் கோயில்களின் காலத்தை அறுதியிடுவது கடினமான செயலாக இருந்தது. ஒரு கோயிலின் கருவறையை ஓர் அரசன் எழுப்பியிருப்பான். மண்டபத்தை மூன்று நூற்றாண்டுகள் கழித்து மற்றொருவன் கட்டியிருப்பான். கோபுரம் அதற்கும் பிற்பட்டதாக இருக்கும். கோயில் முழுவதையும் ஒருங்கே நோக்குபவன், பல காலங்களை ஒரே பார்வையில் கண்டு மயங்குவான். என் மாணவனுக்கு நேர்ந்த மயக்கமும் இதுவே அல்லவா?

துப்ரேய் என்ன செய்தார்? எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை முதலில் அடக்கினார். கட்டடத்தின் உறுப்புகளில் மிகச் சிலவற்றைத் தெரிந்தெடுத்தார். அவற்றுள் தலையாயது போதிகை. தூணின் உச்சிக்கும் அதன்மேல் கிடக்கும் உத்தரத்துக்கும் இடையே, பாரத்தைத் தாங்கி நிற்கும் கல்லுறுப்பே போதிகையாகும். கோயிலுக்குச் செல்வோரில் அண்ணாந்து அதனைப் பார்ப்போர் மிகச் சிலரே.

அதனை அவர் தெரிந்தெடுத்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. கற்கோயில்களில் போதிகையை எங்கும் காணலாம். ஆதலின் ஒன்றோடொன்றை ஒப்பிட இயலும். அன்றியும், அது தலைமுறை தலைமுறையாகச் சிற்பிகளின் கைப்பழக்கத்தில் வந்த உறுப்பு. தந்தை செதுக்கியதை மகன் சிறிது மாற்றினான். அவன் மகன் மேலும் சிறிது மாற்றினான். அரசர்கள் மாறியபோது போதிகை திடீரென மாறவில்லை. காலம் செல்லச் செல்ல மெல்ல மெல்ல மாறியது. துப்ரேய், ஆண்டு தெரிந்த கல்வெட்டுகளைக் கொண்ட கோயில்களிலிருந்து தொடங்கி, இந்த மாற்றத்தைப் படிப்படியாக வரிசைப்படுத்தினார்.

அவ்வரிசையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பல்லவர் காலத்துப் போதிகை, அலைகளை அடுக்கியதுபோல வளைந்து உருண்டிருக்கும். சோழர் காலத்தில் அந்த வளைவு நீங்கிச் சாய்வாக வெட்டிய முகம் வந்தது. அதன் நடுவே ஒரு சிறு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்து வந்த பாண்டியர் காலத்தில் அம்முனை வளர்ந்து மொட்டாக உருப்பெறத் தொடங்கியது. விஜயநகர வேந்தர் காலத்தில் அது தாமரை மொட்டாகக் கீழ்நோக்கித் தொங்கியது. அதன்பின் நாயக்கர் காலம் தொட்டு, வாழைப்பூவைப் போலப் பருத்து விரிந்தது. ஏறத்தாழ கி.பி. 600 முதல் 850 வரை, 850 முதல் 1100 வரை, 1100 முதல் 1350 வரை, 1350 முதல் 1600 வரை, 1600-க்குப் பின் என ஐந்து காலங்களாகத் தென்னாட்டுக் கட்டடக் கலையை அவர் பகுத்தார்.

1914-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவருடைய நூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி கட்டடக் கலையைப் பற்றியது. திருவுருவங்களைப் பற்றிய செய்திகளை இரண்டாம் தொகுதிக்கென ஒதுக்கினார். ஒன்றை ஆராயும்போது மற்றொன்றை விலக்கி வைப்பது, அதனை இகழ்வதாகாது. அதற்குரிய இடத்தையும் நேரத்தையும் தனியே அளிப்பதாகும்.

போதிகை ஒன்றே எல்லாவற்றையும் கூறிவிடும் என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. சில சோழர் கோயில்களில் பழைய வளைவுப் போதிகையும் தொடர்ந்து காணப்படுகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடும் உண்டு. பின்வந்த அறிஞர்கள் அவருடைய முடிவுகளைப் பல இடங்களில் திருத்தியுள்ளனர். ஆயினும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அவர் காட்டிய வழியிலேதான் திருத்தியவர்களும் நடந்தனர்.

இந்நூலைக் கற்றபின், வேறொரு மாணவர் கூட்டத்தைப் பாகூருக்கு மட்டும் அழைத்துச் சென்றேன். பாகூர் பழங்காலத்திலேயே கல்விக்குப் பெயர்பெற்ற ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ மன்னன் காலத்தில், அங்கிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அவ்வூர் மூலநாதர் கோயிலில் கருவறைச் சுவரின் அரைத்தூண் ஒன்றன்முன் மாணவர்களை அமரச் செய்து, “போதிகையை மட்டும் வரையுங்கள்” என்றேன். பின்னர், அவரவர் ஊர்க் கோயில் மண்டபத்துப் போதிகையையும் வரைந்து வரச் சொன்னேன். மறுவாரம் ஒரு மாணவி இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, “ஐயா, பாகூரில் மொட்டுத் தொங்கவில்லை, எங்கள் ஊரில் தொங்குகிறது. எங்கள் மண்டபம் பிந்தியதுதானே?” என்று கேட்டாள். அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. நான் சொல்லாத ஒன்றை அவள் தன் கண்ணாலேயே கண்டுவிட்டாள்.

இங்கே துப்ரேயின் வாழ்விலிருந்து மற்றொரு செய்தியையும் மறைக்காமல் கூற வேண்டும். 1920-களில் காஞ்சிப் பகுதியைச் சேர்ந்த யோகினிச் சிலைகள் சில, அவர் வழியாகப் பாரிஸ் கலைப்பொருள் வணிகர் ஒருவரிடம் சென்றன. இன்று அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கல்லின் வளைவை அத்துணை நுட்பமாகக் கண்ட கண்கள், அச்சிலைகள் எம்மண்ணுக்கு உரியவை என்பதைப் போதிய அளவு காணவில்லை. ஒன்றில் கருத்தூன்றுவது பேராற்றல். ஆனால் எது விட்டுவிடத்தக்கது, எது விடவே கூடாதது என்னும் அறிவு அதனோடு சேர்ந்திருக்க வேண்டும். துப்ரேய் 1945-இல் மறைந்தார். அவருடைய நெறியை நாம் ஏற்போம். அவருடைய பிழையிலிருந்தும் கற்போம்.

மாணவச் செல்வங்களே, இன்று உங்கள்முன் பாடங்கள் பல, தேர்வுகள் பல. கைப்பேசி வழியே நொடிதோறும் வந்து குவியும் செய்திகளோ மிகப் பல. அனைத்தையும் பிடிக்க முயல்பவன் இறுதியில், “எல்லாம் ஒரே மாதிரி இருந்தன” என்றுதான் கூற நேரும். ஆதலின் ஒவ்வொரு பாடத்திலும், அதன் பாரத்தைத் தாங்கி நிற்கும் உறுப்பு எது என்று முதலில் தேடுங்கள். கணக்கில் அது ஒரு தேற்றமாக இருக்கலாம். வரலாற்றில் ஒரு காரணமாக இருக்கலாம். அதனைக் கண்டுகொண்டால் பொறுமையோடு அதன்முன் அமருங்கள். உங்கள் கையாலேயே வரைந்து பாருங்கள். ஏனையவை அதனையொட்டித் தாமே இடம்பெறும்.

நான் அன்று கடிந்துகொண்ட மாணவன் இப்போது எங்கிருக்கிறானோ, அறியேன். அவன் உண்மையையே சொன்னான். இந்தப் பேச்சு எங்கேனும் அவன் செவியில் விழுமாயின், அவனுடைய ஆசிரியரும் பிற்காலத்தில் ஒரு பாடம் கற்றுக்கொண்டார் என்பதை அறிந்து மகிழட்டும்.