பழைய ஸ்போர்ட்ஸ் செடான்களும் பட்டறை அறிவும்: சோழவரம் முதல் மறைமலைநகர் வரை

டிக்கி தனியாகப் பிரிந்து, நான்கு கதவுகளுடன் அமைந்த குடும்பக் கார் செடான் எனப்படுகிறது. அதே உடலில் கூடுதல் திறனுள்ள எஞ்சினும், இறுக்கமான சஸ்பென்ஷனும், கூர்மையான ஸ்டியரிங்கும் அமைந்தால் அது ஸ்போர்ட்ஸ் செடான். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இத்தகைய கார்களைத் தொழிற்சாலைகளே செய்து விற்றன. இந்தியாவில் நெடுங்காலம் அப்படி ஒரு கார் விற்பனைக்கு வரவில்லை. வேண்டியவர்கள் கையில் இருந்த குடும்பக் காரையே பட்டறையில் மாற்றிக்கொண்டார்கள். இதனால் தமிழ்நாட்டில் இக்கார்களின் வரலாற்றைத் தொழிற்சாலைகளை மட்டும் வைத்து எழுத முடியாது. மெக்கானிக்கும் உரிமையாளரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வளர்த்த அறிவும் அந்த வரலாற்றில் சேரும்.

மூன்று நிறுவனங்களின் காலம்

விடுதலைக்குப் பிந்தைய தொழிற்கொள்கை கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. உள்நாட்டில் கார் செய்யவும் உரிமம் தேவைப்பட்டது. மாருதி 1983 டிசம்பரில் வரும்வரை சந்தையை மூன்று நிறுவனங்களே பெரும்பாலும் பங்கிட்டுக்கொண்டன. வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரைச் செய்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 1100 வகைக் கார்களைச் செய்தது. அவையே பின்னர் பிரீமியர் பத்மினி ஆயின. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செய்தது.

ஹெரால்டின் எஞ்சின் 948 சிசி. இன்றைய சிறிய கார்களோடு ஒப்பிட்டாலும் அது சிறியதுதான். ஆனால் அதன் அமைப்பு பட்டறைக்காரர்களுக்கு ஏற்றதாக இருந்தது. உடல் தனிச் சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கித் திறந்தது. எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் ஆகிய எல்லாவற்றையும் பக்கவாட்டில் நின்றே தொட முடிந்தது. குறைபாடும் இருந்தது. பின் சக்கரங்கள் குறுக்கு வில்பட்டையில் ஊசலாடும் அச்சு வகையைச் சேர்ந்தவை. வளைவில் வேகமாகத் திருப்பி, நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், வெளிப்புறப் பின்சக்கரம் உள்ளே மடிந்து கார் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கிய இந்நிறுவனம், 1972-இல் வந்த கெஸல் காரில் திடமான பின் அச்சைப் பொருத்தியது.

சோழவரம் என்னும் பள்ளி

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. இறக்குமதிக் கார்களோடு ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் ஓடின. வார நாட்களில் குடும்பத்தை ஏற்றிச் சென்ற காரின் வகைதான் பந்தய நாளில் தளத்தில் நின்றது.

அங்கே செய்யப்பட்ட மாற்றங்கள் இன்றும் அடிப்படைப் பாடங்களாக உள்ளன. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை இழைத்து அழுத்த விகிதத்தை உயர்த்துவது, காற்று வந்துபோகும் வழிகளைத் தேய்த்து மெருகேற்றுவது, கேம்ஷாஃப்டை மறுவடிவில் அரைப்பது, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்துவது, புகை எளிதில் வெளியேறும் சைலன்சர் குழாய் போடுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றுக்குத் தேவைப்பட்டவை ஒரு லேத்தும், அளவுக்கருவியும், பொறுமையும் ஆகும். ஹெட்டை அளவுக்கு மேல் இழைத்தால் அன்றைய குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் எஞ்சின் தட்டும், பிஸ்டன் உடையும். எவ்வளவு இழைக்கலாம் என்பதைத் தொழிற்சாலைக் கையேடு சொல்லாது. முன்பு இழைத்துக் கெடுத்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயம்புத்தூரின் பம்பு, மோட்டார், நூற்பாலை இயந்திரத் தொழில்கள் இந்த அறிவுக்கு உறுதியான தளம் அமைத்தன. அந்நகரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் பந்தய ஓட்டுநராகவும் கார் வடிவமைப்பாளராகவும் விளங்கினார். மாருதி 800 காரின் பாகங்களைக் கொண்டு 1988-இல் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, குறைந்த செலவில் பந்தயத்துக்குள் நுழைய இளைஞர்களுக்கு வழி திறந்தது. 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியுள்ளது. சென்னையின் பந்தயங்களும் 1990 வாக்கில் சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டையின் புதிய தளத்துக்கு மாறின.

தொழிற்சாலையே செய்த வேகம்

1980களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1984-இல் வந்த காண்டெஸாவின் உடல் பிரிட்டனின் வாக்ஸால் விக்டரிலிருந்து வந்தது. நீண்ட பானெட்டும் அகன்ற முகப்பும் கொண்ட அந்தக் காரில் முதலில் இருந்தது 1,489 சிசி பழைய எஞ்சின். பின்னர் 1,817 சிசி இசுஸு எஞ்சினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் தோற்றத்துக்கேற்ற ஓட்டம் கிடைத்தது. பிரீமியர் 118 என்.இ. ஃபியட் 124 வகை உடலில் நிசான் எஞ்சினை ஏற்றது. சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985-இல் ரோவர் எஸ்.டி.1 உடலில் தன் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 காரைக் கொண்டுவந்தது. கனமான அந்தக் காருக்கு அந்த எஞ்சின் போதவில்லை; விலையும் அதிகம். 1988-இல் உற்பத்தி நின்றது.

மாருதி 1000-இன் வழியில் 1990களில் வந்த எஸ்டீமின் 1.3 லிட்டர் அலுமினிய எஞ்சின் எடை குறைந்தது. உயர் சுழற்சியில் தயங்காதது. பந்தயத் தளங்களிலும் ராலிகளிலும் அது நெடுங்காலம் ஓடியது. 1998-இல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சரும், 1999-இல் மறைமலைநகரில் ஃபோர்டு ஐகானும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட்டும் உற்பத்திக்கு வந்தன. ஐகானின் 1.6 லிட்டர் வகையும், பின்னர் வந்த ஃபியஸ்டா 1.6 எஸ் வகையும் நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் கிடைத்த உண்மையான ஸ்போர்ட்ஸ் செடான்கள். சோழவரத்துக் காலத்தில் பட்டறையில் தேடிய வேகத்தை இப்போது ஷோரூமிலேயே வாங்க முடிந்தது. பட்டறை அறிவு மேலே சென்று தொழிற்சாலையையும் எட்டியது. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடா நிறுவனத்துடன் கூட்டாக உருவாக்கிய டிகோர் ஜே.டி.பி. செடான் 2018-இல் விற்பனைக்கு வந்தது.

பராமரிப்பு: கைமாறிய பாடங்கள்

இன்று இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி நின்றது. எனவே உரிமையாளர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்பதில் முதலிடம் வேகத்துக்கு அல்ல. எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், எது எதற்குப் பொருந்தும் என்பதற்கே.

பத்மினியில் கோடைகாலத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணி போடுவது பழைய கைமருந்து. குழாயை வெப்பத்திலிருந்து விலக்கி அமைப்பதோ, மின்பம்பு பொருத்துவதோ நிலையான தீர்வு. ஐகான் 1.6-இன் எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருப்பதால் அந்தச் செலவு இல்லை. ஆனால் தெர்மோஸ்டாட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு வயதாகி விரிசல் விடும். கூலன்ட் மெல்ல ஒழுகும்; கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும். கூலன்ட் குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளிப்பதைவிட, ஒழுகும் இடத்தைத் தேடுவதே மேல் என்பது இந்தக் கார் உரிமையாளர்கள் செலவு செய்து கற்ற பாடம். எஸ்டீமுக்கு ஒரு நன்மை உண்டு. அதன் எஞ்சின் குடும்பம் ஜிப்ஸியிலும் பயன்பட்டது. ஜிப்ஸி எஸ்டீமுக்குப் பிறகும் பல ஆண்டுகள் உற்பத்தியில் இருந்ததால் பல பாகங்களைத் தேடிப் பெற முடிகிறது.

எரிபொருள் மாற்றமும் இந்த அறிவைப் புதுப்பிக்கச் செய்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயமே. எனவே ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட்டுகளைப் பொருத்தும் வழக்கம் பரவியது. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துள்ளது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் விரைவில் கெடுக்கலாம், ஈரத்தையும் இழுக்கும். கார்புரேட்டர் எஞ்சினில் கலவை மெலிந்துவிடுவதால் ஜெட் அளவையும் சரிபார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் காரில் பெட்ரோல் குழாய்களை முன்கூட்டியே மாற்றுவது, பின்னர் தீப்பிடிக்கும் அபாயத்தைத் தவிர்க்கும்.

பெரம்பலூர், அரியலூர்ச் சூழல்

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் இறுதியாகப் பிரிந்தது. டி.என். 46, டி.என். 61 என்னும் பதிவெண்கள் முறையே இவ்விரு மாவட்டங்களுக்கும் உரியவை. பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் இல்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே அதன் உயிர்நாடி. கார் கெட்டால் மாற்றுவழி குறைவு என்பதால் பராமரிப்பு இங்கே பொழுதுபோக்கு மட்டுமன்று, தேவையும் ஆகும்.

அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர்பெற்றது. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் இடையே லாரிகள் ஓடும் சாலைகளில் தூசி அதிகம். கையேடு சொல்லும் இடைவெளி வரை காற்று வடிகட்டியை விட்டுவைக்க இயலாது. அடிக்கடி திறந்து பார்த்து, அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். வேகத்துக்காகப் பலர் பொருத்தும் எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டி கூடுதல் காற்றை விடும். ஆனால் காகித வடிகட்டி அளவுக்கு நுண்தூசியைத் தடுக்காது. பந்தயத் தளத்தில் நன்மை தரும் இந்த மாற்றம், சுண்ணாம்புத் தூசியில் தினமும் ஓடும் காரின் சிலிண்டரைத் தேய்த்துவிடும். ஒரு மாற்றம் நல்லதா என்பதைக் கார் ஓடும் இடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நெடுஞ்சாலை வேகத்துக்கு டயர் முக்கியம். 1970களின் இறுதியிலிருந்து பந்தயங்களில் ஈடுபட்டுவரும் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஆலை ஒன்று பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் உள்ளது. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். குறைவாக ஓடும் பழைய காரில் டயரின் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிவிடும். அதனால் ஆழத்தைப் பார்ப்பதோடு இந்த எண்ணையும் பார்க்க வேண்டும். எஞ்சின் திறனைக் கூட்டுவதற்கு முன் டயர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ்கள் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்பது அனுபவமுள்ளவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை.

சட்டமும் இடைவெளியும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஞ்சினை மாற்ற வேண்டுமானால் முன் அனுமதியும், பதிவுச் சான்றில் பதிவும் தேவை. அனுமதியின்றிச் செய்த மாற்றம் விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கோரிக்கையையும் பாதிக்கலாம்.

தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. மறுபுறம், 50 ஆண்டைக் கடந்த வாகனங்களைப் பழமைச் சின்னமாகப் பதிவு செய்யும் விதி 2021-இல் வந்தது. அவற்றின் பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது.

இந்த விதியால் ஹெரால்டுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. காண்டெஸா, எஸ்டீம், ஐகான் போன்றவற்றுக்குக் கிடைப்பதில்லை. அவை சட்டத்தின் பார்வையில் வயதான கார்கள். மரபுச் சின்னங்கள் அல்ல. ஆனால் இந்தியத் தொழிற்சாலைகள் முதன்முறையாக வேகத்தை நடுத்தர மக்களுக்கு விற்ற காலத்தின் சான்றுகள் அவையே. உடைந்த பாகத்தை எதைக் கொண்டு மாற்றினோம், எந்த அளவில் இழைத்தோம், எது பயன்தரவில்லை என்பனவற்றை உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் எழுதிவைக்காவிட்டால், 50 ஆண்டு நிறைவடையும்போது பதிவு செய்ய ஓடும் நிலையில் கார்கள் இருக்குமா என்பது ஐயமே. வாய்மொழியாக வந்த பட்டறை அறிவு பழைய மெக்கானிக்குகளோடு மறையத் தொடங்கியுள்ளது. பட்டறைப் பில்லின் பின்புறத்தில் எழுதிய நான்கு வரிக் குறிப்புகூட இவ்வரலாற்றுக்கு ஆவணமாகும்.