காத்திருத்தலும் பொறுத்தலும்: ஆங்கில வினைச்சொற்கள் சிலவற்றின் வரலாறு

ஒரு மொழியின் சொற்கள் அம்மொழியைப் பேசும் மக்களின் வரலாற்றைத் தம்முள் அடக்கி வைத்திருப்பன. ஆட்சிகள் மாறும், கோட்டைகள் சிதையும், சொற்களோ பழைய பொருளை வேரிற் சுமந்துகொண்டு புதிய பொருளில் வழங்கிவரும். ‘வெயிற்’, ‘ஸ்ரே’, ‘ரிமெயின்’, ‘எண்டியூர்’ என்னும் ஆங்கில வினைகள் இதற்குத் தக்க சான்றுகளாம். மாணவர் இவற்றைக் காத்திரு, தங்கு, எஞ்சு, பொறு என மனனஞ் செய்வர். அவ்வளவில் நில்லாது வேரை நோக்குவார்க்கு, இரு மொழியாரின் உள்ளமும் எங்கே ஒன்றுபடுகின்றது, எங்கே பிரிகின்றது என்பது இனிது புலனாகும்.

மட்டக்களப்பு வாவிக்கரைக்கு 1814ஆம் ஆண்டில் வந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறைவெய்துமுன் 1815இல் இவ்வூரிலேயே உயிர் நீத்தார். அவரது கல்விப்பணியில் வேரூன்றியதே மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1892இற் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆங்கிலமும் அறிவியலும் கற்றுத் துறைபோகித் தமிழுக்கு அறிவியற் கலைச்சொற்கள் ஆக்கும் பணியில் முன்னின்றார். பிறமொழிச் சொல்லின் பொருளைத் தெளிந்து, தமிழ் வேரில் அதற்கு நிகர் தேடும் நெறி இம்மண்ணுக்குப் புதியதன்று.

முதற்கண் ‘வெயிற்’ என்பதை நோக்குவோம். 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அவர்தம் பிரெஞ்சு மொழிவழி ஆங்கிலத்திற் புகுந்த சொல் இது. இதன் பழம்பொருள் விழித்திருந்து காவல் செய்தல் என்பதாம். விழித்தலைக் குறிக்கும் ‘வேக்’, கண்காணித்தலைக் குறிக்கும் ‘வொச்’ என்பன இதற்கு உறவான சொற்கள். இன்று உணவுச்சாலையிற் பரிமாறுவோரைக் குறிக்கும் ‘வெயிற்றர்’ என்னும் பெயர் முன்னாளிற் காவலரையுங் குறித்தது. கடற்பெருக்கோடு துறைமுகம் புகும் கப்பல்களைக் கண்காணித்த சுங்க அலுவலரும் ‘ரைட் வெயிற்றர்’ எனப்பட்டனர்.

தமிழிலும் இதுவே நிகழ்ந்துள்ளமை வியப்பிற்குரியது. ‘கா’ என்னும் வினையடிக்குக் காவல் செய் என்பதே பொருள். காத்து இருத்தலே காத்திருத்தல். படுவான்கரையில் வேளாண்மை விளையும் பருவத்திற் பரண்மீதிருந்து யானைக்கும் பன்றிக்கும் இராக்காவல் செய்யும் உழவன், அறுவடைக்குக் காத்திருக்கின்றான். அவ்வேளாண்மையைக் காத்தும் இருக்கின்றான். அவனிடத்தில் இரு பொருளும் ஒன்றே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியிற் சென்று ஒரே பொருளை அடைந்தன. எதிர்நோக்கி இருப்பவன் சோம்பி இருப்பவன் அல்லன் என்பதே அவற்றின் உடன்பாடு.

‘வெயிற்’ வருமுன் ஆங்கிலேயர் இப்பொருளில் வழங்கிய சொற்கள் ‘பைட்’, ‘அபைட்’ என்பன. வென்றோர் மொழிச்சொல் வீட்டுக்குள் வந்தமர, பழஞ்சொற்கள் மூலைக்கு ஒதுங்கின. ஆயினும் அவை அழிந்தில. சமய நூல்களிலும் சில மரபுத்தொடர்களிலும் அவை இன்றும் வாழ்கின்றன.

‘ஸ்ரே’ என்பதன் வேர் நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் வினை. ஈழத்துப் பேச்சுவழக்கிற் ‘சற்று நில்’ என்று கூறிப் பொறுத்திருக்கச் சொல்லும் மரபு இதனோடு ஒப்பிடத்தக்கது. ‘ரிமெயின்’ என்பதும் இலத்தீன் வழி வந்ததே. தங்குதல், எஞ்சுதல் என்னும் இரு பொருளும் அதற்குண்டு. மாளிகையைக் குறிக்கும் ‘மான்ஷன்’ அதே வேரிற் பிறந்தது. ‘இரு’ என்பதிலிருந்து ‘இருக்கை’, ‘இருப்பிடம்’ என்பன தோன்றியமை போன்றது இது. எனினும் ‘ரிமெயின்ஸ்’ எனப் பன்மையாக்கின், இடிபாட்டையோ உயிர் நீத்த உடலையோ அது குறிக்கும்.

இதுகாறும் உடன்வந்த இரு மொழிகளும் ‘எண்டியூர்’ என்னுமிடத்தே பிரிகின்றன. வன்மை என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லினின்று கிளைத்தது இவ்வினை. கடினமாக்குதல் என்பதே அதன் முதற்பொருள். துன்பம் வந்துழி உள்ளம் கல்லாய் இறுகி நிற்கும் நிலையை அவ்வேர் காட்டுகின்றது. தமிழ்ப் ‘பொறு’ அத்தகையதன்று. பொறுத்தலாவது சுமத்தல், ‘பொறை’ என்பது பாரத்தையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்திற் பொறுமைக்கு உவமையாகக் கொண்டது கல்லையன்று, தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தையே. ஆங்கிலத்திலும் சுமத்தலைக் குறிக்கும் ‘பெயர்’ என்னும் வினை பொறுத்தற்பொருளில் வழங்குதலின், அம்மொழியார் இக்கருத்தை அறியாதவர் என்பது பொருந்தாது. எச்சொல்லை எங்கே ஆளுதல் தகும் என்பதே வினா.

இவ்வினா ஏட்டளவில் அமைவதன்று. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திற் தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் மீண்டிலர். அவர்தம் தாயரும் மனைவியரும் விண்ணப்பங்களிற் காத்திருக்கின்றோம் என எழுதும்போது அச்சொல்லை ஆங்கிலத்தில் எவ்வாறு தருவது? ‘எண்டியூர்’ எனின், அவர் நெஞ்சம் மரத்துப்போயிற்று என்னும் நிழல் படியும். ‘ரிமெயின்’ எனின், எஞ்சியவர் என்ற அளவே பெறப்படும். ‘வெயிற்’ என்பதே பொருந்தும். அதுவும் தன் பழம்பொருளோடு கொள்ளப்படின். இழந்தோரின் பெயரையும் நிழற்படத்தையும் உரிமையையும் மறதியினின்று காக்கும் காவலே அவர்தம் காத்திருத்தல்.

ஆதலின், அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே காணப்படும் ஒரு சொல்லோடு ஆசிரியர் அமைதியுறலாகாது. ஆங்கில வினையின் வேரையும் தமிழ் வினையின் வேரையும் அருகருகே வைத்துக் காட்டுதல் வேண்டும். அங்ஙனம் பயின்ற மாணவன் நாளை ஒரு முதியவளின் விண்ணப்பத்தை மொழிபெயர்க்க அமர்வானாயின், அவள் உரைத்ததைக் குறைவின்றி உரைப்பான்.