பனோரமாவும் வேலூர்க் கோட்டையும்

பனோரமா என்பது பார்ப்பவரை நடுவில் நிறுத்தி, சுற்றியுள்ள காட்சியைத் தொடர்ச்சியாகக் காட்டும் படம். ஓவியர் ராபர்ட் பார்க்கர் 1787-ல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென வட்டவடிவக் கட்டடம் திறக்கப்பட்டது.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அவரது குடும்பத்தினர் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். மறு ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் அந்தப் போரை ஏறத்தாழ 120 அடி நீளமுள்ள அரைவட்டப் பனோரமாவாக வரைந்து லண்டனில் காட்சிக்கு வைத்தார். அதுவரை அவர் இந்தியாவைக் கண்டதில்லை. பார்வையாளர்கள் தாக்கும் படையின் பக்கத்திலிருந்தே கோட்டையைப் பார்த்தனர். 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதன்பின் திப்புவின் குடும்பத்தினர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

1995-ல் ஆப்பிள் நிறுவனத்தின் குயிக்டைம் விஆர், பனோரமாவைக் கணினித் திரையில் சுட்டியால் திருப்பிப் பார்க்க வழிசெய்தது. 2011-ல் வெப்ஜிஎல் வந்தபின் தனிச் செருகுநிரல் இல்லாமலே இணையப் பக்கத்தில் இதைப் பதிக்க முடிகிறது. ஓரிடத்தில் நின்று சுற்றிலும் எடுத்த ஒளிப்படங்களை மென்பொருள் இணைத்து, உயரத்தைப் போல் இருமடங்கு அகலமுள்ள ஒரே படமாக்குகிறது. உலாவி அதை ஒரு கோளத்தின் உட்புறத்தில் போர்த்திக் காட்டுகிறது.

வேலூர்க் கோட்டையை அகழிக் கரையிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் மதிலே தெரியும்; உள்ளே இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் தேவாலயமும் முழுமையாகத் தெரியா. பார்க்கும் திசையை வாசகர் மாற்றலாம். நிற்கும் இடத்தை அன்று ஓவியர் முடிவுசெய்தார், இன்று ஒளிப்படக் கலைஞர் முடிவுசெய்கிறார்.